படையலுக்கு முன்பே சாப்பிட்டவள்

என் பிரியமான அப்பாவுக்கு,

இன்று உங்கள் திதி. உங்களுக்கு இலை போடுவதற்கு முன்பே நான் சாப்பிட்டுவிட்டேன். மூன்று தோசை, கொஞ்சம் சம்பல், ஒரு மங்கு நிறையத் தேத்தண்ணி. காக்கை வரும்வரை காத்திருக்கவில்லை.

இதைப் படித்தால் நம் ஆட்களில் சிலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தட்டும். எனக்கு ஒன்பது மணிக்கு நோயாளி இருக்கிறார். வெறும் வயிற்றோடு ஊசியைப் பிடித்தால் கை நடுங்கும். நடுங்கும் கையால் இன்னொருவர் உடம்பைத் தொடக்கூடாது என்பது என் தொழிலின் முதல் பாடம். ஆனால் அதற்காக மட்டும் சாப்பிட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. உங்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது அப்பா. நீங்கள் இருந்தபோது அதை நாம் முடிக்கவில்லை. செத்தவர்களோடு சண்டை போடக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

முதலில் என் அறையைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் அதைப் பார்த்ததில்லை.

கோலசிலாங்கூர் பழைய கடைவீதியில் ஒரு கடையின் பின்பாதி. முன்பாதியில் என்னோடு சீன வைத்தியக் கல்லூரியில் படித்த சியூ லிங் மூலிகைக் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய நூற்றுக்கணக்கான சின்ன இழுப்பறைகளைத் தாண்டித்தான் என்னிடம் வர வேண்டும். மூன்று கட்டில்கள், இடையில் திரைச்சீலை, சுவரில் என் பதிவுச் சான்றிதழ், பயன்படுத்திய ஊசிகளைப் போட ஒரு மஞ்சள் டப்பா. ஒரு ஊசி ஒரு முறைதான். உறையைக் கிழித்து, குத்தி, எடுத்து, டப்பாவில் போட்டால் அதன் ஆயுள் முடிந்தது. நீங்கள் அலகு குத்தும் வேல்கள் மாதிரி வருடம் முழுக்கச் சிவப்புத் துணியில் தூங்காது.

ஆரம்பத்தில் ஒரு அப்பெக் வந்தார், சீனத் தாத்தா. சுங்கை புரோங் பக்கம் நெல்வயல் வைத்திருப்பவர். உள்ளே பார்த்துவிட்டு, "சின்சே எங்கே?" என்று மலாயில் கேட்டார். வைத்தியர் எங்கே என்கிறார்.

"நான்தான் அப்பெக்."

"நீயா?"

"நான்தான்."

தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நம்பவைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவரோ உண்மையான சின்சே சாப்பிடப் போயிருப்பார், வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். கடைசியில் முழங்கால் வலி பொறுக்க முடியாமல் கட்டிலில் ஏறினார். இப்போது மனைவியையும் அழைத்து வருகிறார். ஊரில் என்னைக் 'கறுப்புச் சின்சே' என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரை முகத்துக்கு நேராக 'வெள்ளை அப்பெக்' என்று கூப்பிட ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டார்.

டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்காமல் சீன வைத்தியம் படித்தவள் என்று நம் உறவில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் விரும்பிப் படித்தேன் என்று விளக்கிச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது. முழங்கால், தோள், இடுப்பு, ஒற்றைத் தலைவலி, இவற்றோடு வருகிறவர்களில் பலருக்கு என்னால் வலியைக் குறைக்க முடிகிறது. சிலருக்கு முடிவதில்லை. அதை அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். இனிப்பு நீருக்கான, அதாவது சர்க்கரை வியாதிக்கான, மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசி மட்டும் போதுமா என்று கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். இதுதான் என் தொழில். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மாயமும் ஒன்றுமில்லை.

நம் ஆட்கள் வருகிறபோதுதான் கஷ்டம்.

அவர்கள் காவடிக்கு வருவது போல வருகிறார்கள் அப்பா. காலையில் தலைக்குக் குளித்து, விபூதி பூசி, செருப்பைக் கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் விட்டுவிட்டு. நாக்கின் நிறத்தைப் பார்த்து உடம்பின் நிலையைக் கணிப்பது எங்கள் முறை. "நாக்கை நீட்டுங்கள்" என்று சொன்னால், கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டு நீட்டுகிறார்கள். ஒரு அம்மா 'வேல், வேல்' என்று முணுமுணுக்கவும் செய்தார், நாக்கை நீட்டியபடியே. மணிக்கட்டில் நாடி பார்த்தால் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்கிறார்கள். சியூ லிங் ஒருநாள் என்னிடம் கேட்டாள், "உன் ஆட்கள் ஏன் என் காலண்டரைக் கும்பிடுகிறார்கள்?" அதில் தாமரைப்பூப் படம் இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

சிரிக்கக்கூடியது இவ்வளவுதான். சிரிக்க முடியாதது, அவர்கள் பட்டினியோடு வருவது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு சரி. ஊசி உடம்பில் ஏறுகிற நாளில் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று யார் அவர்களுக்குச் சொன்னது?

நீங்கள்தான் அப்பா.

நம் தோட்டத்தில் ஊசி என்றாலே நீங்கள்தான். மற்ற நாளெல்லாம் செம்பனைக் குலை வெட்டும் கை, ஆடித் திருவிழாவன்று அலகு குத்தும் கை. பக்தர் உங்கள் முன்னால் உட்காருவார். உறுமி அடிக்கும். கன்னத்தில் விபூதியை அப்பித் தேய்ப்பீர்கள், கன்னத்தை இழுத்துப் பிடிப்பீர்கள், கண் இமைப்பதற்குள் வேல் அந்தப் பக்கம் வந்திருக்கும், நுனியில் எலுமிச்சம்பழம் ஏறியிருக்கும். இரத்தம் வந்து நான் பார்த்ததில்லை. குத்திக்கொள்கிறவருக்கு விரதம் என்றால் உங்களுக்கும் விரதம். கடைசி ஆள் எழுந்து போகும்வரை தண்ணீர் தவிர வேறெதுவும் கிடையாது. "வயிறு சுத்தமா இருந்தாத்தான் கை சுத்தமா இருக்கும்" என்பீர்கள்.

நான் கல்லூரியில் இருந்தபோது ஒரு விடுமுறையில் உங்கள் கையைக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் புள்ளி. பயிற்சிக்கு. உங்களுக்குத் தெரியாமலே ஊசி உள்ளே போய்விட்டது.

"ஊசியா இது, கொசுவா?" என்றீர்கள்.

"கனமா இருக்கா பாருங்க. உள்ள இழுக்குற மாதிரி."

"இருக்கு, இருக்கு." கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தீர்கள். "சாமி பேரு சொல்லலியே நீ?"

"சொல்லணுமாப்பா?"

"குத்துறவ எதையாச்சும் நெனைக்கணும் பாப்பா. சும்மா குத்தக்கூடாது."

அதை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ஒரு மூச்சு நேரம் நிறுத்தி ஒன்றை நினைக்கிறேன். என்ன நினைக்கிறேன் என்பது எனக்கும் உங்களுக்கும் மட்டும்.

ஆனால் அன்றே நான் உங்களிடம் இன்னொன்றும் சொன்னேன். உங்களைப் போல இனிப்பு நீர் மாத்திரை போடுகிறவர் முழுநாள் விரதம் இருக்கக்கூடாது, இருந்தே ஆகவேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு அன்றைய மாத்திரையை என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று. நீங்கள் கையை உதறிச் சிரித்தீர்கள். "ஆத்தா பாத்துக்குவா லா." அப்போது நான் இன்னும் சத்தமாகச் சண்டை போட்டிருப்பேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். போய்விட்டோம்.

அந்த வருட ஆடித் திருவிழா அன்று எனக்குக் கோலாலம்பூரில் மருத்துவமனைப் பயிற்சி. நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள், கண்கலங்க, கொஞ்சம் பெருமையோடு. காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனீர்கள். வெயில் ஏற ஏற உங்கள் கை நடுங்க ஆரம்பித்தது. உடம்பெல்லாம் வேர்வை. பேச்சு குழறியது, யாரையும் அடையாளம் தெரியவில்லை. இத்தனை வருடம் மற்றவர்களுக்கு அருள் வர வேல் குத்தியவர், இன்று அவருக்கே அம்மன் இறங்கிவிட்டாள் என்று கூட்டம் கைகூப்பியது. உறுமியை இன்னும் வேகமாக அடித்தார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். ஒவ்வொருவராக வந்து காலில் விழுந்து வாக்கு கேட்டார்கள். நீங்கள் சாய்ந்தபோது, அருள் மலையேறிவிட்டது என்று விபூதி பூசிப் படுக்க வைத்தார்கள்.

மருத்துவமனையில் அம்மாவிடம் டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி. என்ன மாத்திரை? எப்போது சாப்பிட்டார்?

அதன்பிறகு நம் தோட்டத்தில் இது ஒரு கதையாகிவிட்டது. ஆத்தா மடியில் போனவர். கொடுத்து வைத்தவர். கோயில் மண்டபத்தில் உங்கள் படத்துக்கு மாலை. நான் அந்தக் கதையை யார் வாயிலிருந்தும் பிடுங்கவில்லை. அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம்வரை.

ஜெராமிலிருந்து ஒரு லோரி ஓட்டுநர் வந்தார், முனுசாமி அண்ணன். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மனைவியும் கூட வந்திருந்தார். எல்லோரையும் கேட்பதை அவரையும் கேட்டேன். "சாப்டீங்களாண்ணே?"

"ஆச்சும்மா."

நம் ஊரில் யார் கேட்டாலும் சொல்கிற பதில் அது. பட்டினி கிடந்தாலும் அப்படித்தான் சொல்வோம். நானும் நம் ஊர்க்காரிதான், இருந்தும் நம்பிவிட்டேன். கழுத்தில், தோளில், கையில் ஊசி வைத்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. உதடு நடுங்கியது, எதையோ உளறினார். நான் ஊசிகளை உருவக் கையை நீட்டினேன். அவர் மனைவி குறுக்கே வந்தார்.

"தொடாதீங்கம்மா. அவருக்கு அருள் வந்துருச்சி."

கைகூப்பி நின்றார் அப்பா. கண்ணில் தண்ணீர். அந்த முகத்தில் பொய் கொஞ்சமும் இல்லை. நான் பார்க்காத அந்தத் திருவிழா முழுவதையும் அந்த ஒரு முகத்தில் பார்த்தேன்.

"அருளும் இல்ல ஒண்ணும் இல்ல, தள்ளுங்கக்கா" என்று கத்தினேன். என் அறையில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஊசிகளை உருவினேன், அவர் கால்களைத் தூக்கி வைத்தேன், விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவு பார்த்தேன். அளவு தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. நல்லவேளை அவரால் விழுங்க முடிந்தது. சியூ லிங் சீனி கரைத்துக் கொண்டு ஓடிவந்தாள். மெல்ல மெல்லக் கொடுத்தோம். அவர் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "லோரிய நெழல்ல போட்டேனா?" அதன்பிறகு அவரை மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

காலையில் மாத்திரை போட்டிருக்கிறார். ஊசி என்பதால் விரதம் இருந்திருக்கிறார். உங்களைப் போலவே.

அடுத்த நாள் நான் ஒரு பலகை எழுதிக் கடை வாசலில் மாட்டினேன். மலாயிலும் சீனத்திலும், 'தயவுசெய்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.' தமிழில் கீழே இன்னொரு வரி சேர்த்தேன். 'இது விரதம் இல்லை, வைத்தியம். மாத்திரை போடுகிறவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.'

"தமிழ் மட்டும் ஏன் நீளம்?" என்று கேட்டாள் சியூ லிங்.

"எங்களுக்குச் சொல்ல வேண்டியது நீளம்" என்றேன்.

முனுசாமி அண்ணனின் மனைவி நம் தோட்டத்தில் பிறந்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அம்மன் இல்லை என்று நான் சொல்லிவிட்டதாக அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை, நான் கத்தியது கத்தியதுதான். யாரோ பலகையைப் படம் பிடித்தார்கள். அது எல்லோர் கைப்பேசிக்கும் போனது. ஒரு வாரத்தில் நம் ஆட்கள் என்னிடம் வருவது நின்றது. இரண்டாவது வாரம் கோயில் தலைவர் வந்தார். உங்கள் உயிர்க் கூட்டாளி, ராஜமாணிக்கம் மாமா.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பாப்பா, அந்தப் போர்ட எடுத்துரும்மா."

"எந்தப் போர்டு மாமா?"

"தெரியாத மாதிரி கேக்காத லா. தோட்டத்துல நண்டு சிண்டு போன்லகூட அதுதான் சுத்துது."

"சாப்பிட்டுட்டு வாங்கன்னு எழுதுறது தப்பா?"

"அத மட்டும் எழுதிருந்தா யாரு கேக்கப் போறா? கீழ என்னா எழுதிருக்க? விரதம் இல்ல, வைத்தியம். யாரக் குத்திக் காட்டுற நீ? விரதம் இருந்து வேல் புடிச்ச கை உங்கப்பன் கை. அவன் பட்டினி கெடக்கச் சொன்னான். நீ தின்னுட்டு வரச் சொல்ற. பெத்த மகளே இப்படி எழுதுனா ஊர்க்காரன் வாய மூடுவானா? பட்டினி கெடந்து செத்தான்னு பேசுறானுங்க பாப்பா. ஆத்தா மடியில போன மனுசன்."

அவர் சொன்ன தீர்வு சின்னது. பலகையைக் கழற்ற வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை திருவிழாவில் அம்மன் முன்னால் நெய்விளக்கு ஏற்றி, ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை மன்னிப்புச் சொல்ல வேண்டும். "அதோட முடிஞ்சிரும். எல்லாரும் மறுபடி உங்கிட்ட வருவாங்க. நான் கொண்டாந்து விடுறேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நான் கடை திறந்தபோது முதல் ஆளாகத் தேங்காய் உடைத்தது அவர்தான்.

"மாட்டேன் மாமா" என்றேன்.

"என்னா?"

"போர்டையும் எடுக்க மாட்டேன், மைக்லயும் பேச மாட்டேன். அப்பா மாத்திரை போட்டுக்கிட்டுப் பட்டினி கெடந்தாரு. அதுதான் நடந்துச்சி. அன்னிக்கி ஆத்தா வரல மாமா. அப்பாவுக்குச் சீனி எறங்கிடுச்சி."

முன்னால் மூலிகை நிறுத்துக்கொண்டிருந்த சியூ லிங்கின் கை நின்றது. அவளுக்குத் தமிழ் தெரியாது.

மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் வலது தோள் உறைந்துபோயிருப்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. துண்டை எடுக்க இடது கை வந்தது.

"சக்கரப் பொங்க சட்டி அவன் பக்கத்துலதான் இருந்துச்சி" என்றார். "கைய நீட்டுனான். நான்தான் அந்தக் கையப் புடிச்சேன். இன்னும் மூணு பேரு பாக்கி, விரதத்த முறிச்சிக்காதடான்னேன். கேட்டுக்கிட்டான். மறுபடி நீட்டல." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ சொல்றது மெய்னா, நான் யாரு பாப்பா? சொல்லு. நான் யாரு?"

அப்பா, இதை நீங்கள் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டீர்கள். அவரும் சொல்லாமலே வைத்திருந்திருக்கிறார். அந்தக் கதையைத் தோட்டத்திலேயே சத்தமாகச் சொன்னவர் அவர்தான், மண்டபத்தில் படத்தை மாட்டியவரும் அவர்தான். ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஒரு பொய்யைச் சொல்லி அவரைத் தேற்றியிருக்கலாம். அது என் நாக்குநுனிவரை வந்தது. ஆனால் வாசலில் என் பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப உங்களுக்குத் தெரியாது மாமா" என்றேன். "இப்பத் தெரியும்ல."

எழுந்தார். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார், "ஞாயித்துக்கெழம கோயில் பக்கம் வராத."

நான் கொடூரமாகப் பேசிவிட்டேனா? யோசித்துப் பார்த்தேன். அவர் பிடித்த கையை நினைத்து அவர் அழ வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. அடுத்து நீளும் கையை அவர் பிடிக்காமல் இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் இப்போது அலகு குத்துகிறவருக்கும் இனிப்பு நீர். வரிசையில் உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்காவது இருக்கும், நம் ஆட்களைப் பற்றித் தெரியாதா என்ன? அம்மன் இருக்கிறாளா, இறங்குகிறாளா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அது பெரிய விஷயம், எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. ஆனால் நடுக்கமும் வேர்வையும் உளறலும் எனக்குத் தெரியும். வருகிறது அவளா, குறைகிறது சர்க்கரையா என்று பார்க்க ஒரு சொட்டு இரத்தம் போதும். அவள் உண்மையாகவே வந்தால் ஒரு சொட்டுக்குக் கோபித்துக்கொள்வாளா?

மாமா சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பலகை வைத்த நாளிலிருந்து அம்மா என்னோடு சரியாகப் பேசவுமில்லை. "உங்கப்பாவ ஏன் ரெண்டாந்தடவ சாகடிக்கிற?" என்று ஒருமுறை கேட்டார். உங்கள் படத்தைத் துடைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இன்று காலை நான் ரொட்டித் துண்டு ஏதாவது இருந்தால் நின்றபடியே தின்றுவிட்டு ஓடலாம் என்று சமையலறைக்குள் மெல்லப் போனேன். படையல் சமையல் எல்லாம் முடிந்து மூடி இருந்தது. அம்மா அடுப்பருகே நின்றார். ஒரு தட்டில் தோசை.

"உக்காரு."

"படையல் ஆகலியேம்மா."

"அவருக்கு அப்புறம் வைக்கிறேன். நீ சாப்புடு."

"காக்கா?"

"காக்கா காத்துக்கெடக்கும். அதுக்கென்னா வேலையா வெட்டியா?"

உட்கார்ந்தேன். முதல் தோசையைத் தின்று முடித்தேன். அம்மா இரண்டாவதைப் போட்டுவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கி நானும் அவரு கால்ல வுழுந்தேன். கால் சில்லுன்னு இருந்துச்சி, வேர்வையில நனஞ்சி போயி. எம்மவளுக்கு நல்ல வழி காட்டு தாயேன்னு அவருகிட்டயே கேட்டேன்." தோசைக் கரண்டியைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினார். "ஒரு வாய் சீனித் தண்ணி குடுக்கத் தோணல எனக்கு."

"அம்மா…"

"இன்னொண்ணு வைக்கவா?"

"போதும்மா."

"பேசாமத் தின்னு."

மூன்றாவது தோசை அப்படி வந்ததுதான் அப்பா. எனக்கு வயிறு நிறைந்துதான் இருந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். உங்களுக்கு முன்னால் எனக்குப் பரிமாறியவர் உங்கள் மனைவி. கோபப்பட வேண்டுமென்றால் எங்கள் இரண்டு பேர் மேலும் சேர்த்துப் படுங்கள்.

நான் கைகழுவும்போது அம்மா கேட்டார், "அந்த விரல்ல குத்திப் பாக்குற மெசின் ஒண்ணுதான் இருக்கா?"

"ஏம்மா?"

"ஞாயித்துக்கெழம ரெண்டு இருந்தா சீக்கிரம் ஆவும்ல. நான் தேத்தண்ணி பிளாஸ்க் எடுத்துக்குறேன். சீனி தூக்கலா போடுறேன்."

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் கோயிலுக்கு வருவோம். வராதே என்று சொன்ன பிறகும் வருவோம். நீங்கள் நின்ற இடத்தில், உறுமிக்காரர்களுக்குப் பக்கத்தில், நான் நிற்பேன். குத்திக்கொள்ள உட்காருகிற ஒவ்வொருவரிடமும், குத்துகிறவரிடமும் கேட்பேன், மாத்திரை போட்டீர்களா, என்ன சாப்பிட்டீர்கள் என்று. 'ஆச்சு' என்று சொன்னால் இனி நம்ப மாட்டேன். யாருக்காவது கை நடுங்கினால், உறுமியை நிறுத்தச் சொல்வேன். சர்க்கரைப் பொங்கலுக்கு யார் கை நீண்டாலும் அந்தக் கையில் நானே அள்ளி வைப்பேன். அப்போது யார் என் கையைப் பிடித்தாலும் விடமாட்டேன். ராஜமாணிக்கம் மாமா பிடித்தாலும்தான். அவர் தோளுக்கு என் கட்டிலில் எப்போதும் இடம் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

பலகை அங்கேயே இருக்கும். மழையில் எழுத்து அழிந்தால் மறுபடி எழுதுவேன்.

இப்போது மணி எட்டரை. அம்மா உங்களுக்கு இலை போட்டுவிட்டார், சர்க்கரைப் பொங்கலும் வைத்திருக்கிறார். யாரும் உங்கள் கையைப் பிடிக்க மாட்டார்கள். சாப்பிடுங்கள் அப்பா.

வயிறு நிறைய வேலைக்குக் கிளம்பும்,
உங்கள் பாப்பா